காதரிசி

சிரித்த முகத்தோடு வருகிற டாக்டரைக் கெம்பன் நம்புவதில்லை. "நாக்கை நீட்டுய்யா" என்று அதட்டுகிறவனைக்கூடப் பொறுத்துக்கொள்வார். சிரிக்கிறவன் உடம்பிலிருந்து எதையோ எடுக்க வந்திருக்கிறான், இல்லையென்றால் உடம்புக்குள் எதையோ வைக்க வந்திருக்கிறான். ஆறு வயதில் அவர் காதுக்குள் வைத்தவன் சிரித்துக்கொண்டேதான் வைத்தான். வைத்து முடித்ததும் கையில் ஓர் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தான். மிட்டாய் நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அவருக்கு ஆத்திரம் அதில்தான்.

அதனால், "உறைவிடப் பள்ளியில் படித்த மலைச்சனத்துக்கு இலவசக் காது முகாம்" என்று எஸ்டேட் ஒலிபெருக்கி கத்தியபோதெல்லாம் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். தேயிலைத் தொழிற்சாலையில் காவல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது. எஸ்டேட்டின் பழைய லைன் வீட்டில் தனியாக இருந்தார். யாரும் தேடி வருவதில்லை. வந்தாலும் உட்காரச் சொல்லமாட்டார்.

கேத்தன் சொல்லாமலே உட்கார்ந்தான். நாற்காலியில் இல்லை, தரையில், வாசலை மறித்துக்கொண்டு.

கேத்தன் அவருடைய தங்கை மாதியின் புருஷன். மேலே காட்டுக்குள், நெடுங்கொம்புக் குடியிருப்பில் இருக்கிறவன். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு பாட்டில் மரத்தேனோடு வருவான், தமிழில் நாலு வார்த்தை பேசுவான், போய்விடுவான். இந்தத் தடவை கையில் பாட்டில் இல்லை.

"மச்சான், பெரிய பாறையில தேன் வந்திருக்கு."

"வந்தா வரட்டும். என்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் என்ன தேனீயா?"

"மழை பொய்ச்சு, பூ இல்லாம, ஈயெல்லாம் எங்கேயோ போயிருந்துச்சு. இப்ப பாறை பூராவும் கறுப்பா தொங்குது. நான் இறங்கப்போறேன்."

"உன் வயசுக்கு?"

"இந்த வருஷம் முட்டி மடங்குது. அடுத்த வருஷம் மடங்காது."

அடுத்து என்ன வரும் என்று கெம்பனுக்குத் தெரியும். எழுந்துபோய் அடுப்பில் இல்லாத தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"கயிறு நீ பிடிக்கணும், மச்சான்."

மலைச்சனத்தில் பாறைத்தேனுக்கு இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. அவர்களுக்குள் நிலத்தகராறு இருக்கும், பழைய பகை இருக்கும். சினேகிதன் பிடிக்கக் கூடாது. சினேகிதம் காலையில் இருக்கும், மத்தியானம் இருக்காது. மச்சான் மட்டும் விடமாட்டான். விட்டால் கீழே விழுவது அவன் தங்கச்சியின் வாழ்க்கை. அன்பை நம்பி ஏற்படுத்திய முறை இல்லை இது. எவனையும் முழுசாக நம்பாதவர்கள் உட்கார்ந்து யோசித்து ஏற்படுத்தியது. அதனாலேயே கெம்பனுக்கு அந்த முறை பிடித்திருந்தது.

ஆனால் இன்னொரு விதியும் இருந்தது. பாறை வயிறு தள்ளி நிற்கும். மேலே இருக்கிறவனுக்குக் கீழே தொங்குகிறவன் தெரியமாட்டான். குரல் மட்டும்தான் வரும். ஈக்கு முன்னால் மலைப்பேச்சைத் தவிர வேறு பேச்சுப் பேசக் கூடாது. தமிழில் கத்தினால் ஈ கலைந்து கொட்டும் என்பார்கள். மெய்யோ பொய்யோ, கொட்டு வாங்கிச் சரிபார்க்க எவனும் தயாராக இல்லை.

அந்த மலைப்பேச்சுத்தான் கெம்பன் காதில் விழாது.

"உனக்குத் தெரிஞ்சதுதானே," என்றார். "எனக்குக் கேக்காது. நீ அங்க கிடந்து 'இழு இழு'ன்னு கத்துவ. நான் மேல உக்காந்து பீடி குடிச்சிட்டிருப்பேன். இத்தனை வருஷம் எவனை வெச்சு இறங்குனியோ அவனையே வெச்சு இறங்கு."

கேத்தன் அவரை விசித்திரமாகப் பார்த்தான். "எவனை வெச்சு இறங்குனேன்?"

"எனக்கென்ன தெரியும்?"

"பெரிய பாறையில நான் கால் வெச்சதே இல்ல, மச்சான். மரத்தேன் மட்டும்தான் எடுக்கிறேன். மாதிக்கு நீ ஒருத்தன்தானே அண்ணன். வேற எவன் கையில குடுக்கறது?"

கெம்பனுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. தன் வீட்டிலேயே தன்னை யாரும் உட்காரச் சொல்லாதது போல நின்றுகொண்டிருந்தார்.

"இந்த வருஷமும் நான் இறங்கலைன்னா பாறையை விட்டுட வேண்டியதுதான்," என்றான் கேத்தன். "தேனை எடுக்கக் கம்பெனிக்காரன் பறக்கிற மெஷினோட நிக்கிறான். அதான் சொல்றேன், முகாமுக்கு வா. காதைச் சரி பண்ணு. வந்து கயிறைப் பிடி."

"மாசனுக்கு என்னாச்சு, மறந்துட்டியா?"

மாசன் கெம்பனோடு பள்ளியில் படித்தவன். கோயம்புத்தூரில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய், காதில் இருந்ததைப் பிடுங்கி எடுத்தான். அதோடு நரம்பும் வந்துவிட்டது. சாகிறவரை இடி இடித்தால்கூடத் திரும்பிப் பார்க்காமல் இருந்தான்.

"மறக்கல," என்றான் கேத்தன். "பயமா இருந்தா வேண்டாம்."

அது போதும். கெம்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பயமா என்று ஒரு மாப்பிள்ளை மச்சானைப் பார்த்துக் கேட்டபிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா?

---

பள்ளியின் பெயர் அருள்சுடர். சமவெளியில், தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்தது. உண்டு உறைவிடப் பள்ளி. சாப்பாடு போட்டார்கள், அதை மறைக்க முடியாது. வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: பிரம்பில்லாத பள்ளி. வந்து பார்த்த பெரிய மனிதர்கள் எல்லாம் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிரம்பு எதற்கு? மலையிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் காதுக்குள் ஓர் அரிசி அளவில் ஒன்றை வைத்தார்கள். பாடம் நன்றாக விளங்கும், கவனம் சிதறாது என்றார்கள். பிள்ளைகள் அதற்குக் காதரிசி என்று பெயர் வைத்தார்கள். வைத்த அன்று மாலையே, பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன் வாய் அசைவதைக் கெம்பன் பார்த்தார். சத்தம் வரவில்லை. அவன் தமிழில் "தண்ணி" என்றபோது கேட்டது. வீட்டுப் பேச்சில் எதைச் சொன்னாலும் பாட்டரி தீர்ந்த பொம்மை மாதிரி வெறும் வாய்.

கோடை லீவுக்கு வேனில் கொண்டுவந்து மலையடிவாரத்தில் இறக்கிவிட்டார்கள். அம்மா ஓடி வந்தாள். வாய் அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. தலை சுற்றி, கெம்பன் அவள் மேலேயே வாந்தி எடுத்தார். அப்புறம் அந்த லீவு முழுவதும் அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டே அவருக்குச் சோறு போட்டாள். அவளுக்குத் தமிழ் வராது.

அடுத்தடுத்த லீவுகளில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கற்றுக்கொண்டார். வாயைப் பார்க்காவிட்டால் தலை சுற்றாது. பிறகு லீவுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். பிறகு பேச்சே மறந்துபோயிற்று. வளர்ந்த பிறகு மலைக்குப் போனால், தான் வருவது தெரியட்டும் என்று தூரத்திலேயே இருமிக்கொண்டு போவார். போனதும் தரையைப் பார்ப்பார். தங்கச்சி கல்யாணத்திலும் தரையைத்தான் பார்த்தார். மத்தளம் கேட்டது, குழல் கேட்டது. பாட்டுக் கேட்கவில்லை.

விசாரணை நடந்தபோது பள்ளியை நடத்திய அறக்கட்டளைக்காரர்கள் சொன்னது தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் டிவியில் ஓடியது: "நாங்கள் ஒரு குழந்தையைக்கூட அடித்ததில்லை." கெம்பன் அன்றைக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துபோனார். அடித்திருந்தால் தழும்பைக் காட்டலாம். இதை எங்கே காட்டுவது?

---

வால்பாறைக்குப் போகிற பஸ்ஸுக்கு இப்போதெல்லாம் ஓட்டுநர் கிடையாது, தானே ஓடும். அதனால் கெம்பன் கடைசி இருக்கையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குதிக்க வசதியாக இருக்கும்.

நடுவழியில் நீலச் சட்டை போட்ட இரண்டு இளம்பெண்கள் ஏறினார்கள். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர்கள். முன்னால் நின்றுகொண்டு கடகடவென்று பேசினார்கள், சிரித்தார்கள். வடக்கத்திப் பிள்ளைகள் என்று கெம்பன் நினைத்தார். எஸ்டேட் முழுக்க இப்போது வடக்கத்தி ஆட்கள்தானே. டீக்கடையில், சந்தையில் என்று அந்தப் பேச்சை அவ்வப்போது கேட்டிருக்கிறார். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அதைக் கேட்டால் ஏனோ அவருக்குப் பசிக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும் பசிக்கும். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கிழவனுக்குக் கிறுக்கு என்பார்கள்.

கேத்தன் அந்தப் பெண்களைப் பார்த்தான். காது மடலை ஒரு விரலால் தொட்டான். அவர்கள் உடனே பேச்சை நிறுத்திவிட்டு, என்னவோ தப்புச் செய்த மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இவனுக்கு வெளியூர் ஆட்களைக் கண்டால் ஆகாது போல, என்று கெம்பன் நினைத்துக்கொண்டார். பாவம், பிழைக்க வந்த பிள்ளைகள். பசி மெல்ல அடங்கிவிட்டது.

---

முகாம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவின் பெயர் ரெஹானா. பொள்ளாச்சிப் பெண். கெம்பன் முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தார். சிரிக்கவில்லை. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

"என்னம்மா கன்னம்?"

"கடைவாய்ப் பல்லுங்க அய்யா. உயிர் போகுது. உக்காருங்க."

கெம்பன் உட்கார்ந்தார். வலியில் இருக்கிற ஆளுக்கு ஏமாற்ற நேரம் இருக்காது.

"பிடுங்குவீங்களா?"

"உங்க காதுல இருக்கறதையா? பிடுங்கவே மாட்டோம். அது நரம்பைச் சுத்தி வேர் விட்டிருக்கும். வெளியில இருந்தே அதை அணைச்சுவிடத்தான் பார்ப்போம்."

"அது எப்படித்தாம்மா வேலை செய்யுது? ஒருத்தனும் எனக்குச் சொன்னதில்ல. எனக்குப் புரியாதுன்னு நெனச்சிருப்பானுங்க."

"சல்லடைன்னு வெச்சுக்கோங்க. காதுக்குள்ள வர்ற சத்தம் மூளைக்குப் போறதுக்கு முன்னாடி இது சலிக்கும். உங்க மலைப்பேச்சோட ஏத்தஇறக்கம் இதுக்கு மனப்பாடம். அந்த மாதிரி ஒண்ணு வந்தா அமுக்கிடும். மத்ததை விட்டுடும்."

"அமுக்கினதை எங்க வெச்சிருக்கும்? உள்ளயா?"

அவள் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "எங்கயும் வெக்காதுங்க அய்யா. போனது போனதுதான்."

இந்தப் பெண் பொய் சொல்லவில்லை. கெம்பன் காதைக் கொடுத்தார்.

தட்டையான ஒன்றைக் காதுக்குப் பின்னால் வைத்தாள். திரையைப் பார்த்தாள். வேறொன்றை எடுத்து வைத்தாள். எழுந்துபோய் இன்னொரு திரையைப் பார்த்துவிட்டு வந்தாள். வலிக்கிற கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அய்யா, உங்களுக்கு எப்பவாவது கரண்ட் ஷாக் அடிச்சிருக்கா? இல்ல, பக்கத்துல இடி ஏதாவது?"

"இடி விழுந்துச்சு. பேக்டரித் தகரக் கொட்டகை மேல. நான் தூணைப் பிடிச்சுட்டு நின்னேன். ரெண்டு நாள் காதுக்குள்ள வண்டு கத்துச்சு. ஏன்?"

"அதோட இது செத்துப்போச்சு."

"எது?"

"காதரிசி. உள்ளதான் இருக்கு, ஆனா வெறும் கல்லு மாதிரி. எப்ப நின்னுச்சுன்னு அதுலயே பதிஞ்சிருக்கு." அவள் ஒரு வருஷத்தைச் சொன்னாள்.

கெம்பன் விரல்களை மடக்கினார். அவருடைய கல்யாணத்துக்கு முந்தின வருஷம். மாதி கல்யாணத்துக்கும் முந்தி. அப்போது அவர் தலையில் ஒரு நரை கிடையாது.

முதலில் மனத்தில் வந்தது அம்மாதான். அம்மா அப்போது இருந்தாளா? இருந்திருந்தால்? வாயைப் பொத்திக்கொண்டு சோறு போட்டவள், கையை எடுத்திருக்கலாமே, பேசியிருக்கலாமே. மறுபடி எண்ணினார். இடி விழுந்தது கோடைமழையில். அம்மா போனது அதற்கு முந்தின ஆடியில். முந்தினதுதான். நிச்சயமாக முந்தினதுதான். அவளைப் புதைத்துவிட்டு வந்த பிறகுதான் அந்தக் கொட்டகைக்கே தகரம் மாற்றினார்கள்.

மடக்கிய விரல்களை நீட்டினார். அம்மா இல்லை என்பதில் ஒருவனுக்கு நிம்மதி வருமா? வந்தது. என்ன செய்ய?

"நீங்க பொய் சொல்றீங்க," என்றார், பழக்க தோஷத்தில். "செத்திருந்தா எனக்குக் கேட்டிருக்கணுமே. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே."

"உங்ககிட்ட யாராவது அந்தப் பேச்சுல பேசினாங்களா?"

கெம்பன் திரும்பிக் கேத்தனைப் பார்த்தார். கேத்தன் சுவரைப் பார்த்தான்.

"பேச மாட்டோம்," என்றான் கேத்தன் மெதுவாக. "லீவுக்கு வந்த பிள்ளைங்க எல்லாம் நம்ம வாயைப் பாத்துப் பயந்து அலறுச்சுங்க. வாந்தி எடுத்துச்சுங்க. அப்பவே சனம் கூடி முடிவு பண்ணுச்சு. அரிசிக்காரங்க முன்னாடி யாரும் நம்ம பேச்சைப் பேசக் கூடாது. ஆள் வந்தா இப்படிக் காதைத் தொட்டுக் காட்டுவோம். எல்லாரும் வாயை மூடிக்குவாங்க."

"நான்தான் தரையையே பாத்துட்டிருந்தேனே! எனக்கெதுக்குடா வாயை மூடினீங்க?"

"நீ தரையைப் பாக்கறது எங்களைப் பிடிக்காமன்னு நெனச்சோம்."

ரெஹானா வீங்கிய கன்னத்தோடு இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்பப் பேசுங்க," என்றாள் கேத்தனிடம்.

"மாட்டேன்."

"ஏனுங்க?"

"அவனுக்குத் தலை சுத்தும்."

"சுத்தாது. நான் பொறுப்பு. பேசுங்க."

கேத்தன் எழுந்து நின்றான். முகத்தைக் காட்டக் கூச்சப்பட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்து ஏதோ சொன்னான். நீளமாகச் சொன்னான். சொல்லும்போதே அவன் தோள் குலுங்கியது.

கெம்பனுக்குக் கேட்டது. ஒவ்வொரு சத்தமும் கேட்டது. கேட்டதும் பசி வயிற்றைக் கிள்ளியது.

"ஏய்! இது வடக்கத்திப் பேச்சுல்ல?" என்றார். "பஸ்ஸுல அந்தப் பிள்ளைங்க பேசிட்டு வந்ததுல்ல?"

"வடக்கத்தியா?" கேத்தன் சட்டென்று திரும்பினான். "அதுங்க நம்ம மலைப் பிள்ளைங்க, மச்சான்! மேல்கொம்புல இருக்கிற நம்ம வெள்ளையனோட பேத்திங்க!"

சொன்னதும் கேத்தனுக்குச் சிரிப்பு வந்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். "கல்யாணம் ஆன நாள்லருந்து... உன்னைத் திட்டாம வாயை மூடிட்டு இருந்திருக்கேன்... வீணா!"

"இப்ப என்னடா சொன்ன நீ? அவ்வளவு நீளமா?"

"பாறையில சொல்றேன்."

ரெஹானாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் பல் வலித்து, "ஸ்ஸ்" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பை மட்டும் கெம்பன் மன்னித்தார்.

---

நெடுங்கொம்புக்கு அவர்கள் ஏறி வந்தபோது கெம்பன் இருமவில்லை. வாசல் கூட்டிக்கொண்டிருந்த மாதி, "வாண்ணே" என்று தமிழில் சொல்லிவிட்டு, வழக்கம்போல வாயை இறுக்கிக்கொண்டாள். கேத்தன் அவளிடம் மலைப்பேச்சில் ஏதோ சொல்லத் தொடங்கினான். அவள் விளக்குமாற்றால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

"அடிக்காதே, கேக்குது," என்றார் கெம்பன்.

"என்னண்ணே கேக்குது?"

"அவன் பேசறது. நீ பேசறதும் கேக்கும். எல்லாம் கேக்கும். ரொம்ப வருஷமாவே கேக்குதாம்."

மாதிக்கு விஷயம் முழுதாக உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் அழுவாள் என்று கெம்பன் எதிர்பார்த்தார். அவளுக்கு வந்தது கோபம்.

"என் கல்யாணத்துல ஒரு பாட்டுப் பாடலண்ணே! தெரியுமா உனக்கு? ஒரு பாட்டு! சித்தி பெரியம்மா எல்லாம் வாயைக் கட்டிட்டு உக்காந்திருந்தாங்க. 'உங்கண்ணன் மனசு கஷ்டப்படும், பாட வேண்டாம்'னாங்க. ஊமைக் கல்யாணம் பண்ணிட்டுப் போனேன் நான்!"

"பாடியிருந்தா கண்டுபிடிச்சிருப்பேனே," என்றார் கெம்பன். பிறகு, "தரையைப் பாக்காம இருந்திருந்தாலும் கண்டுபிடிச்சிருப்பேன்," என்றார்.

அவள் விளக்குமாற்றைக் கீழே எறிந்தாள். உள்ளே போய், பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு, அடிக்குரலில் பாட ஆரம்பித்தாள். கல்யாணப் பாட்டுத்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கம்பக்கத்துக் குடிசைகளிலிருந்து பெண்கள் பதறிப்போய் ஓடி வந்தார்கள். அரிசிக்காரர் வந்திருக்கும்போது இவளுக்கு என்ன பைத்தியமா என்று காதைத் தொட்டுக் காட்டினார்கள். மாதி கையை ஆட்டி, பாட்டை நிறுத்தாமலே விஷயத்தைச் சொன்னாள். சொன்னதும் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பாட்டில் பாதிக்கு மேல் மாப்பிள்ளை வீட்டைக் கேலி செய்வதாக இருக்க வேண்டும். கேத்தன் நெளிந்துகொண்டு நின்றான். கெம்பன் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி எல்லார் வாயையும் பார்த்தார். தலை சுற்றவில்லை.

---

பெரிய பாறைக்கு அடுத்த நாள் பொழுது சாயும் நேரத்தில் போனார்கள். பள்ளத்திலிருந்து காற்று ஏறி வந்தது. பாறையின் நெற்றியில் நிற்கிற வேங்கை மரத்தில் கொடி ஏணியைக் கட்டினார்கள். கேத்தன் இடுப்பில் கட்டிய கயிறு, கெம்பன் கையில்.

"எனக்கு இன்னும் ஒரு வார்த்தை புரியாது," என்றார் கெம்பன். காலையிலிருந்து நாலைந்து தடவை சொல்லிவிட்டார்.

"புரிய வேண்டாம். இறங்கறவன் கயிறு பிடிக்கறவனைத் திட்டிட்டே இறங்கணும். அதுதான் முறை. மேல இருந்து நீயும் திட்டணும். என் திட்டு வந்துட்டே இருந்தா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். நின்னா இழு. யோசிக்காத, இழு."

"நான் எதைச் சொல்லித் திட்டறது? தமிழ்லயும் கூடாதுன்னுட்ட."

"அது உன் பாடு," என்றான் கேத்தன். பல்லில் கத்தியைக் கடித்துக்கொண்டான், உடனே திட்ட வேண்டுமே என்று எடுத்து இடுப்பில் செருகினான், விளிம்பைத் தாண்டி இறங்கினான். கொஞ்ச நேரத்தில் தலை மறைந்தது.

கெம்பன் வேங்கையின் வேரில் காலை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தார். குடியிருப்பு ஆண்கள் பாறைக்கு அடியில் ஈயைக் கலைக்கப் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே மாதி மட்டும் பக்கத்தில் இருந்தாள். அவள் கயிற்றைத் தொடக் கூடாது. தொடவில்லை. இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்தாள்.

பள்ளத்திலிருந்து குரல் வந்தது. முகாமில் சுவரைப் பார்த்துச் சொன்ன அதே நீளமான வாக்கியம். இழுத்து, ராகம் போட்டு. மாதி துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

"என்ன சொல்றான்?" என்று கெம்பன் ஈக்குக் கேட்காமல் கிசுகிசுத்தார்.

"சொல்ல மாட்டேண்ணே. கூடப் பொறந்தவ வாயால சொல்லக் கூடாது."

மறுபடி வந்தது. வேறொன்று. அதைவிட மோசம் போலிருந்தது. மாதி திரும்பி உட்கார்ந்துவிட்டாள். திட்டு ஒவ்வொன்றாக ஏறி ஏறி வந்தது. அத்தனை வருஷத்துத் திட்டையும் சேர்த்து வைத்திருந்தவன் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். கெம்பன் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். உயிரோடு ஒருத்தன் கீழே தொங்குகிறான் என்பது கயிற்றில் தெரிந்ததைவிட அந்தக் குரலில்தான் நன்றாகத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம். புகை இன்னும் மேலே வந்திருக்கவில்லை.

"நீ எதுவும் சொல்லலையே," என்றாள் மாதி. "அவருக்கும் தெரிய வேண்டாமா, மேல ஆள் இருக்குன்னு?"

கெம்பன் வாயைத் திறந்தார். ஒன்றும் இல்லை. ஆறு வயதுக்கு மேல் அந்த நாக்கில் எதுவும் வைக்கப்படவில்லை. ஆறு வயதுக்குள் என்ன இருந்தது? ஓடை. ஈர மணல். பக்கத்துக் குடிசைப் பயல் ஒருத்தன் அவர் கட்டிய அணையை மிதித்து உடைத்தான். அவனைப் பார்த்து...

வந்தது. எங்கிருந்து என்று தெரியாமல், தொண்டையில் அடைத்திருந்த எலும்பு தெறிப்பது மாதிரி வந்தது. நாலு வார்த்தை. கெம்பன் பாறை அதிரக் கத்தினார்.

கீழே குரல் நின்றது.

கெம்பன் காத்திருந்தார். காற்று மட்டும் வந்தது. ஈக்களின் இரைச்சல் மட்டும் வந்தது. நின்னா இழு என்றானே. யோசிக்காதே என்றானே. அவர் யோசிக்கவில்லை. வேரில் காலை உதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, கயிற்றை இழுத்தார். கை எரிந்தது. இன்னொரு பிடி. தோள் கழன்றுவிடும் போல இருந்தது. இன்னொரு பிடி. மாதி எழுந்து நின்றுவிட்டாள். கயிறு பாரமாக, உயிரோ பிணமோ சொல்லாமல் ஏறி வந்தது.

அப்போதுதான் அது கேட்டது. சிரிப்பு. மூச்சு முட்ட, இருமலோடு, நிறுத்த முடியாத சிரிப்பு. சிரிப்பதற்குத் தனிப் பேச்சு கிடையாது. ஈக்களும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு கெட்ட வார்த்தை வந்தது. பிறகு கயிறு இரண்டு தடவை குலுங்கியது: இறக்கிவிடு, வேலை இருக்கிறது.

கெம்பன் கயிற்றை விட்டுக்கொடுத்தார்.

"நான் என்ன சொன்னேன், மாதி?"

மாதி பாறையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்த்தால் தெரியவில்லை. "சின்னப் பிள்ளைங்க சொல்றது, அண்ணே. பால்பல்லு விழாததுங்க சொல்றது. 'மூக்கொழுகி, உன்னைப் பல்லி நக்கட்டும்'னு."

"மோசமான திட்டா?"

"ரொம்ப."

கீழேயிருந்து திட்டு மறுபடி தொடங்கியது. முன்னைவிடச் சத்தமாக, முன்னைவிட உற்சாகமாக. முதல் கூடை நிரம்பியிருக்க வேண்டும். தேன் வாசனை மேலே ஏறி வந்தது. கெம்பன் கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். தன்னிடமிருந்த அந்த ஒரே திட்டை எடுத்து, மறுபடி கத்தினார்.

பிறகு கண்ணைக் கயிற்றிலிருந்து எடுக்காமல் தங்கச்சியிடம் கேட்டார்:

"மாதி, சாப்பிட என்ன கொண்டு வந்திருக்கே? பசி தாங்கல."